தல்சுவின் பையிலிருந்த உருளை

ஓக் தல்சு கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக அவன்மேல் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், எனக்கும்தான் வந்தது. ஆனால் கெட்டவன் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கோஜே தீவின் கிழக்குக் கரையில் சோல்கே என்று ஒரு சின்னத் துறை. முப்பது படகு கட்டிவிட்டால் முப்பத்தோராவது படகுக்கு இடம் தேட வேண்டும். அந்தப் படகுகளின் வயிற்றுக்குள் கிடக்கிற இன்ஜின்களுக்கெல்லாம் தல்சுதான் வைத்தியன். பதினேழு வயதில் கப்பல் பட்டறைக்குத் துரு சுரண்டப் போனவன், அங்கேயே இன்ஜின் வேலை பழகிக்கொண்டு, முப்பது வயதில் திரும்பி வந்து துறையோரமாகத் தகரம் போட்டு ஒரு பட்டறை வைத்தான். மேலே ஓர் அறை. அதில் ஒரு படுக்கை, ஒரு டிவி, ஒரு மின்சார அரிசிப்பானை. அரிசிப்பானையை அவன் தொட்டதே கிடையாது. பெண் பார்த்த இரண்டு இடத்திலும் உடம்பெல்லாம் டீசல் வாடை என்று சொல்லி விலகிவிட்டார்கள். அதனால் ஐம்பத்து நான்கு வயது வரைக்கும் அவனுக்குக் காலைச் சோறு மல்லே கடையில்தான்.

சூ மல்லே துறை முனையில் மீன் சூப்பும் சோறும், தொட்டுக்கொள்ள கிம்ச்சி ஊறுகாயும் போடுகிறவள். அறுபத்து மூன்று வயது. வாய்தான் அரிவாள், கை தாராளம். குளிர்காலத்தில் தேகு மீன் வந்துவிட்டால் அவள் கடையில் நிற்க இடம் இருக்காது. ஆண் தேகுவின் வயிற்றில் வெள்ளையாக, சுருள் சுருளாக ஒன்று இருக்கும். சூப்பில் வெந்தால் நாக்கில் வைத்ததும் கரையும். அந்த வெள்ளைச் சுருளுக்குத்தான் அங்கே அடிதடி. மல்லே அதை எல்லோருக்கும் கரண்டியில் அளந்துதான் போடுவாள். தல்சுவின் கிண்ணத்தில் மட்டும் அடியில் இரண்டு துண்டு கூடுதலாகக் கிடக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு நியாயம் கேட்டால், "அவனுக்குப் பொண்டாட்டி இல்ல, சுருளாவது இருக்கட்டும். உனக்கும் வேணும்னா உன் பொண்டாட்டியக் கொண்டாந்து இங்க விட்டுட்டுப் போ, பாத்திரம் கழுவ ஆள் வேணும்" என்பாள். கடையே சிரிக்கும்.

தல்சுவுக்கு ஒரு பழக்கம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதெலும்போடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிவிடுவான். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்த வால்வு தளர்ந்திருக்கிறது என்று அதிலேயே சொல்லிவிடுவான். துறையில் அவன் காதுக்கு அவ்வளவு மரியாதை. அந்தக் காதுதான் பிறகு அவனைப் படுத்தியது.

போன குளிர்காலத் தொடக்கத்தில் ஜே கித்தேயின் படகுக்கு டைமிங் பெல்ட் மாற்ற வேண்டி வந்தது. கித்தே தல்சுவோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவன் மனைவி பான் குன்ஜா. புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரே படகில் போகிறவர்கள்; அவன் சுக்கான் பிடிப்பான், அவள் வலை இழுப்பாள். துறையில் அவள் குரலுக்குப் பயந்து கடற்காகமும் தள்ளித்தான் உட்காரும். அந்தப் படகின் இன்ஜின் ஒரு காலத்தில் வேனில் ஓடியது. பிறகு கடலுக்கு ஏற்ற மாதிரி மாற்றிப் படகுக்குள் இறக்கினார்கள். அதில் வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் முறை வைத்து ஏறி இறங்கச் செய்வது பல் வைத்த அந்த ரப்பர் பெல்ட்தான். அது அறுந்தால் இரண்டும் மோதும். இன்ஜின் அந்த இடத்திலேயே செத்துவிடும்.

பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதாது. அதை விறைப்பாக இழுத்துப் பிடித்திருக்கிற உருளையையும் மாற்ற வேண்டும், தண்ணீர் பம்பையும் மாற்ற வேண்டும். தல்சு மூன்றுக்கும் சொல்லி வைத்திருந்தான். பெல்ட் வந்தது, பம்ப் வந்தது. உருளையும் வந்தது, ஆனால் வேறு இன்ஜினுக்கானது. துளை பெரிதாக இருந்தது. மறுபடி சொல்லிவிட்டான். மூன்று நாள் ஆகும் என்றார்கள்.

மூன்று நாள் காத்திருக்க அவகாசம் இல்லை. இரண்டு நாளில் படகுப் பூசை. குன்ஜா நாள் பார்த்து, நீர் ஏற்றம் பார்த்து வாங்கி வந்த தேதி அது. படையலுக்கு வைக்கப் பன்றித்தலை சொல்லியாகிவிட்டது. இருபத்து நான்கு வருஷத்தில் தல்சு சொன்ன தேதி தவறியதில்லை. அதில் அவனுக்குக் கர்வம் உண்டு. பழைய உருளையைக் கழற்றி விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தான். சத்தமில்லாமல் சுற்றியது. ஆனால் பழைய பம்பிலிருந்து உப்புத்தண்ணீர் கசிந்து அதன்மேல் சொட்டியிருந்த தடம் இருந்தது. உள்ளே கிரீஸ் கழுவிப்போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். துடைத்தான். இன்னொரு தடவை சுற்றினான். அதையே மாட்டிவிட்டான்.

மற்ற வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. குறிக்குக் குறி சரியாக வைத்தான், பெல்ட்டை மடிக்காமல் ஏற்றினான், இன்ஜினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக் குறிகள் திரும்ப வந்து சேர்கிறதா என்று பார்த்தான். சேர்ந்தது.

கித்தே மேலேயிருந்து தலையை நீட்டினான். "என்னடா, எல்லாம் புதுசு போட்டாச்சா?"

"எல்லாம் புதுசு" என்றான் தல்சு.

இவ்வளவுதான் அவன் சொன்ன பொய். இரண்டு வார்த்தை.

பூசை நாள் மத்தியானம், சொன்னதற்கு ஒரு நாள் முன்னதாகவே சரியான உருளை வந்து சேர்ந்தது. கூரியர்க்காரன் கொடுத்த சின்னப் பெட்டியைப் பிரித்து, கூரியர்ச் சீட்டு ஒட்டியிருந்த எண்ணெய்க் காகிதத்தோடு ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டு தல்சு ஓடினான். படகில் ஏறினால் குன்ஜா அதற்குள் இன்ஜினுக்கு மேலே கருவாட்டைக் கட்டிவிட்டிருந்தாள். முழுக் கருவாடு, வெள்ளை நூல்கண்டு சுற்றியது. நூலின் ஒரு முனையை இறக்கி இன்ஜின் மூடியின் கொக்கியிலேயே முடிச்சுப் போட்டிருந்தாள். கருவாடு கட்டிய இன்ஜினில், முதல் தேகு கரையேறும் வரைக்கும் யாரும் மூடியைத் திறந்து இரும்புச் சாமான் வைக்கக் கூடாது. வைத்தால் கட்டியதை அவிழ்த்த மாதிரி. அந்தத் துறையில் அப்படித்தான்.

அவன் மூடியைப் பார்த்தபடி நின்றான்.

"என்ன அண்ணே, பேய் பாத்த மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் குன்ஜா. "போங்க, கை கழுவிட்டு வாங்க. கும்பிடணும்."

சொல்லியிருக்கலாம். தங்கச்சி, முடிச்சை அவிழ், ஒரு சாமான் பாக்கி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அவள் கத்தியிருப்பாள். கத்தட்டுமே! பன்றித்தலை கெட்டுப்போயிருக்கும், தேதி போயிருக்கும், நீ எல்லாம் புதுசு என்றுதானே சொன்னாய் என்று கித்தே கேட்டிருப்பான். அந்தக் கேள்விக்குத்தான் அவன் பயந்தான். கை கழுவிக்கொண்டு வந்து, மற்றவர்களோடு சேர்ந்து பன்றித்தலைக்கு முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டான். குனியும்போதெல்லாம் பையிலிருந்த உருளை பலகையில் டொக்கென்று இடித்தது. மக்கோலி என்கிற அரிசிக் கள்ளை ஊற்றினான், தானும் குடித்தான். முதல் மீன் கரையேறட்டும், அன்றைக்கே திறந்து மாற்றிவிடுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

அந்தப் பூசையில் இன்னொன்றும் நடந்தது. மல்லே செம்பயறு தூவிய அரிசிப் பலகாரத்தைத் தட்டோடு கொண்டு வந்தாள். எல்லாப் படகுப் பூசைக்கும் அவள் கொண்டு வருவதுதான். ஆனால் இரண்டு நாளைக்கு முன்னால் அவளுடைய சித்தப்பா மகன் செத்துப்போய், துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். அங்கே தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திரும்பி வந்ததும் தீட்டுக் கழிய வாசலிலேயே தன்மேல் உப்பைத் தூவிக்கொண்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டாள். இருந்தாலும் படகில் கால் வைக்காமல் துறையிலேயே நின்று, தட்டை மட்டும் நீட்டினாள். குன்ஜா ஒரு கணம் தயங்கிவிட்டு வாங்கினாள். எல்லோரும் பார்த்தார்கள்.

மறுநாள் விடியலில் வலை விரித்தார்கள். அதற்கு அடுத்த நாள் எடுத்துப் பார்த்தால் பாசியும் இரண்டு நண்டும். தேகு இல்லை. மூன்றாம் நாள் மறுபடி கிளம்பினார்கள். மூன்று நாளும் தல்சு துறைச் சுவரில் நின்று படகு போவதைக் கேட்டான், பார்க்கவில்லை, கேட்டான். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் இன்ஜின் சத்தத்துக்கு அடியில் மெலிசாக ஒரு விசில். மூன்றாம் நாள் அந்த விசில் கொஞ்சம் தடித்திருந்தது. பக்கத்தில் நின்றவனுக்கு அது கேட்கவே கேட்காது. தல்சுவுக்குக் காது வலிக்கிற மாதிரி கேட்டது. கையைத் தூக்கினான். கித்தே, விடை கொடுக்கிறான் என்று நினைத்துப் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனான்.

ஐந்து விரலோடு அவன் கடைசியாக ஆட்டிய கை அது.

துறைக்கு வெளியே இருக்கிற பாறைத் திட்டுக்கு அந்தப் பக்கம், பாதி வலை தண்ணீரிலும் பாதி வலை படகிலுமாக இருக்கும்போது உருளை இறுகிவிட்டது. பெல்ட் அதன்மேல் தேய்ந்து, பல் உதிர்ந்து, அறுந்தது. இன்ஜின் நின்றது. காற்று கரைப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. பாறையில் மோதாமலிருக்க கித்தே ஓடிப்போய் நங்கூரத்தைத் தள்ளினான். கயிறு சுருண்டு அவன் இடது கையைக் கயிறு கட்டுகிற கட்டையோடு வைத்து நசுக்கிவிட்டது. குன்ஜா போட்ட சத்தத்தில் அடுத்த படகு வந்து கட்டியிழுத்துக் கொண்டு வந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. இரண்டு விரல் போய்விட்டது.

கித்தேயை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் தல்சு இன்ஜினைத் திறந்தான். நூல் முடிச்சை அவன்தான் அவிழ்த்தான். இப்போது யாரும் தடுக்கவில்லை. உருளை நீலமாகக் கருகி, கல் மாதிரி நின்றிருந்தது. சுற்றிப் பார்த்தான், அசையவில்லை. மேலே காலடிச் சத்தம் கேட்டதும் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

குன்ஜா வந்து எட்டிப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது. "என்ன ஆச்சு அண்ணே?"

"பெல்ட் போயிருச்சு."

"புது பெல்ட்டு எப்படிப் போகும்?"

அவன் வாயைத் திறந்தான். அவன் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "எனக்குத் தெரியும் எப்படிப் போச்சுன்னு. இழவு வீட்டுத் தீட்டோட வந்து நின்னாளே, அந்தத் தட்ட வாங்குனேன் பாருங்க, என் கையத்தான் வெட்டிப் போடணும். அவர் விரல் போச்சு."

அவனுக்குப் பதிலாக அவள் ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாள். அவன் அதை எடுத்துக்கொண்டான். அதுதான் நான் அவனை மன்னிக்காத இடம். மற்றதெல்லாம் மனுஷன் செய்கிறதுதான்.

அன்று சாயங்காலமே குன்ஜா ஒரு கிண்ணம் உப்பைக் கொண்டுபோய் மல்லே கடை வாசலில் விசிறிவிட்டு வந்தாள். உள்ளே ஆறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். மறுநாளிலிருந்து, கடலுக்குப் போகிற ஒருத்தரும் வரவில்லை. நேரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மேல்தெரு நூடுல்ஸ் கடையில் கூட்டம் கூடியது, அவ்வளவுதான்.

தல்சு மட்டும் போனான். போகாமலிருக்க அவனால் முடியவில்லை, போய் உட்காரவும் முடியவில்லை. முதல் நாள் மல்லே அவனைப் பார்த்ததும் கரண்டியைப் பிடித்தபடியே அழுதாள்.

"நீ ஒருத்தனாவது வந்தியே. உனக்கு பயமில்லையா?"

"எனக்கென்ன, நான் கடலுக்கா போறேன்?" என்றான்.

"நான் போயிருக்கக் கூடாது தல்சு. துறைப் பக்கமே போயிருக்கக் கூடாது. உப்பு போட்டாச்சு, குளிச்சாச்சு, போதும்னு நெனச்சேன். கித்தே சின்ன வயசுல என் மடியில தூங்கிருக்கான். அவன் விரல நானே கடிச்சுத் துப்புன மாதிரி இருக்கு."

தல்சு சூப்பைப் பார்த்துக்கொண்டே தின்றான். அடியில் வெள்ளைச் சுருள் இரண்டல்ல, நான்கு துண்டு கிடந்தது. ஆள் வராததால் மிஞ்சியது. அதையும் தின்றான்.

முப்பத்தைந்து நாள் இப்படியே போயிற்று. அந்த முப்பத்தைந்து நாளும் அவன் கித்தேயின் இன்ஜினோடுதான் இருந்தான். மேல்பாகத்தைக் கழற்றினான், வளைந்த வால்வுகளை எடுத்தான், ஒவ்வொன்றாக மாற்றி உட்கார வைத்தான். கூலி வேண்டாம் என்றுவிட்டான். அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று. "தல்சு மாதிரி சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான்" என்று துறை முழுக்கப் பேசியது. மீனவர் சங்கத் தலைவர் அவன் தோளைத் தட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கித்தே கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "நீ இன்ஜின முடி, நான் மூணு விரல்லயே உன்னவிட நல்லா சீட்டு ஆடுவேன்" என்றான். குன்ஜா தினமும் பட்டறைக்கு அரிசி உருண்டை கொண்டு வந்தாள். தல்சு இளைத்தான். புதிய உருளையும் கருகிய உருளையும் ஒரே பையில் கிடந்தன. நடக்கும்போது ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. எடுத்து அலமாரியில் வைத்தால் என்ன? வைக்கவில்லை. ஏன் என்று அவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது.

ஒரு நாள் காலையில் மல்லே கடைக் கதவில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள். கடை விற்பனைக்கு.

"எங்க போவீங்க அக்கா?"

"தம்பி வீடு பூசான்ல இருக்கு. அவன் பொண்டாட்டி மூஞ்சியக் காட்டுவா, பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான். காகிதம் நேரா இருக்கா பாரு."

"இடது பக்கம் கொஞ்சம் தூக்குங்க" என்றான். சொல்லிவிட்டு நடந்தான்.

அன்றைக்குத்தான் புதுப் பெல்ட் மாட்டுகிற வேலை. கித்தேயின் கை இன்னும் ஆறவில்லை, அதனால் குன்ஜா விளக்குப் பிடிக்க உள்ளே இறங்கினாள். இன்ஜினின் முன்பக்கத்துக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடம். இரண்டு பேரும் தோளை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முன்னெல்லாம் அவள் இன்ஜினைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். இப்போது ஒவ்வொன்றையும் கேட்டாள்.

"இது என்ன?"

"மேல் சக்கரம். இந்தக் குறி இந்தக் கோட்டுக்கு நேரா வரணும்."

"வந்திருச்சு. அது?"

"கீழ் சக்கரம். அதுக்கும் குறி உண்டு. ரெண்டும் சேந்தப்புறம்தான் பெல்ட்டு."

பெல்ட்டை ஏற்றினான். பிறகு பைக்குள் கை விட்டு எண்ணெய்க் காகிதத்தில் இருந்ததை எடுத்தான். அவள் அதை வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இது என்ன வேலை செய்யும்?"

"பெல்ட்ட இழுத்துப் பிடிக்கும்."

"இது நின்னுட்டா?"

"பெல்ட்டு அறுந்துரும்."

அவள் காகிதத்தில் ஒட்டியிருந்த கூரியர்ச் சீட்டைத் திருப்பினாள். படிக்கத் தெரிந்தவள். சீட்டில் தேதி இருந்தது.

"இது பூசையன்னிக்கு வந்தது" என்றாள் மெதுவாக. "அன்னிக்கு வந்தது ஏன் இன்னும் உங்க பையில இருக்கு? எல்லாம் புதுசுன்னு சொன்னீங்களே."

தல்சு இன்னொரு கையைப் பையில் விட்டான். கருகியதை எடுத்து அவள் முழங்காலில் வைத்தான்.

"அன்னிக்கு இதத்தான் மாட்டியிருந்தேன். பழசு. நீ கருவாடு கட்டிட்ட. அவுக்கச் சொல்ல வாய் வரல. மூணாம் நாள் சத்தம் கேட்டுச்சு, தங்கச்சி. எனக்குக் கேட்டுச்சு."

அவள் கருகியதைச் சுற்றப் பார்த்தாள். சுற்றவில்லை. கத்துவாள் என்று அவன் காத்திருந்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையுறையைக் கழற்றி அவன் முகத்தில் அறைந்தாள். ஒரு தடவை. இன்னொரு தடவை ஓங்கிவிட்டு நிறுத்தினாள். அவளுக்கு வேறு ஒன்று நினைவு வந்துவிட்டது. முகம் வெளுத்துப்போயிற்று.

"உப்பு" என்றாள். "நான் அவ வாசல்ல உப்பு விசிறினேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்க முன்னாடி."

"ம்."

"நீங்க பாத்தீங்கல்ல?"

"ம்."

"ம்முன்னா என்ன? ம்ங்கிற வாய்க்கு ஒரு வார்த்த வரலயா உங்களுக்கு?" இப்போதுதான் அவள் குரல் எழும்பியது. மேலே கித்தே, "என்ன அங்க?" என்று கேட்டான். "நீங்க இருங்க, உங்களுக்கு அப்புறம் சொல்றேன்" என்று அவனையும் ஒரு அதட்டுப் போட்டுவிட்டு, தல்சுவின் காலரைப் பிடித்தாள். "எந்திரிங்க. வாங்க. எங்கிட்ட சொன்னா ஆச்சா? அங்க வந்து சொல்லுங்க. நானும் வரேன். தனியாப் போக எனக்குத் தெம்பில்ல."

அன்றைக்குக் கடல் சரியில்லை, ஒரு படகும் போகவில்லை. மேல்தெரு நூடுல்ஸ் கடை வாசலைத் தாண்டும்போது குன்ஜா உள்ளே பார்த்து, "எல்லாரும் வாங்க, ஒரு சமாச்சாரம் இருக்கு" என்றாள். அவள் கூப்பிட்டால் வராமலிருக்க முடியாது. ஏழெட்டுப் பேர் வாயைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். மல்லே காலிக் கடையில் உட்கார்ந்து முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். மறுபடி உப்புப் போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

தல்சு உருளையை மேசைமேல் வைத்தான்.

"சுத்துங்க அக்கா."

"என்னடா இது?"

"சுத்துங்க."

மல்லே சுற்றப் பார்த்தாள். கையில் கரி ஒட்டியது. "சுத்தலையே."

"இது சுத்தாததால்தான் பெல்ட்டு போச்சு. பழச மாட்டிட்டு எல்லாம் புதுசுன்னு சொன்னேன். உங்க தட்டும் இல்ல, உங்க தீட்டும் இல்ல. நான்தான். அன்னிக்கே தெரியும் எனக்கு."

அவன் தலையைக் குனிந்தான். கதவருகில் நின்றவர்களில் ஒருவர் இருமினார். குன்ஜா தரையில் மண்டியிட்டு நெற்றி பட விழுந்தாள். மல்லே அவளைப் பார்த்து, "நீ எந்திரி, தர ஈரம்" என்றாள். அவள்மேல் அவளுக்குக் கோபமே இல்லாத மாதிரி இருந்தது. தல்சுவைத்தான் விடாமல் பார்த்தாள்.

"முப்பத்தஞ்சு நாள்" என்றாள். "முப்பத்தஞ்சு நாளும் இங்க வந்து தின்ன. நான் பாவின்னு உன்கிட்ட அழுதேன். நீ கேட்டுக்கிட்டே இருந்த. ஒரு நாள் நான் அழுது முடிக்கிற வரைக்கும் இருந்துட்டு, கிம்ச்சி இன்னும் கொஞ்சம் குடுங்கன்னு கேட்ட. குடுத்தேன்."

தல்சு தலையைத் தூக்கவில்லை.

"காகிதம் நேரா இருக்கான்னு கேட்டேன். இடது பக்கம் தூக்குங்கன்னு சொன்ன."

மல்லே உட்கார்ந்து முள்ளங்கியை எடுத்துக்கொண்டாள். குன்ஜாதான் போய்க் கதவிலிருந்த காகிதத்தைக் கிழித்தாள். பின்னால் வந்தவர்களில் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, "அக்கா, சூப்பு இருக்கா?" என்று கேட்டார். "அடுப்பு பத்த வைக்கணும். அவசரம்னா மேல்தெருவுக்கே போ" என்றாள் மல்லே. அவர் போகவில்லை.

கித்தே அன்று சாயங்காலம் பட்டறைக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். "மூணாம் நாள் நீ கையத் தூக்குனது, நிறுத்துறதுக்கா?" என்று கேட்டான். தல்சு ஆமென்று தலையை ஆட்டினான். "அப்பவாவது கத்தியிருக்கலாம்டா" என்றான். பிறகு, "நாளைக்கு வந்து பெல்ட்ட முடி. வேற எவனும் அந்தச் சந்துக்குள்ள நுழைய மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனான். சீட்டாட அதன் பிறகு அவன் கூப்பிடவில்லை.

தல்சு மறுநாள் போய் முடித்தான். முடிச்சு இல்லாத மூடியை மாட்டுவதற்கு முன்னால், கித்தேயையும் குன்ஜாவையும் உள்ளே இறங்கி ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னான். இப்போதெல்லாம் எந்தப் படகில் வேலை செய்தாலும், கழற்றிய பழைய சாமானைச் செய்தித்தாளில் சுற்றி, மூடி மாட்டுவதற்கு முன்னாலேயே படகுக்காரன் கையில் கொடுத்துவிடுகிறான். அப்படியும் நான்கு படகுக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது பூசைக்குக் குன்ஜா நேரில் போய்ப் பலகாரம் கேட்டாள். மல்லே செய்து கொடுத்தாள்; வந்து நின்றாள், இந்தத் தடவை படகிலேயே ஏறி நின்றாள். இரண்டு நாளில் முதல் தேகு கரையேறியது. ஆண் மீன், ஒரு ஆள் தூக்குகிற கனம். குன்ஜா அதை நேராக மல்லே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை தல்சு கடைக்குப் போனான். கூட்டம் நிறைந்திருந்தது. அவன் எப்போதும் உட்காருகிற இடத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக இடம் கிடைத்தது. மல்லே கிண்ணத்தைக் கொண்டு வந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். பக்கத்து ஆளின் கிண்ணத்தில் வெள்ளைச் சுருள் மிதந்தது. தல்சு கரண்டியை விட்டு அடி வரைக்கும் ஒரு தடவை துழாவினான். முள்ளங்கியும் மீன் துண்டும்தான்.

சூப்பைச் சொட்டு விடாமல் குடித்தான். கிம்ச்சித் தட்டு காலியானபோது, இன்னும் வேண்டும் என்று கேட்கவில்லை. கிண்ணத்தை அவனே எடுத்துப் போய்த் தொட்டியில் கழுவி வைத்துவிட்டு, பட்டறைக்கு நடந்தான்.